நடுக்கடலில் போட் நின்றுவிட்டதா? அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

கொழும்பு முகத்துவாரத்தில் இருந்து நாலு மைல் வெளியே, ஒரு ஜனவரிக் காலை, நாங்கள் மூன்று பேர் முக்கால் மணித்தியாலம் ஸ்டார்ட்டர் கயிற்றை மாறி மாறி இழுத்தோம். கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். பக்கத்தால் போன பைபர் படகு ஒன்று திரும்பி வந்து எங்களோடு ஒட்டி நின்றது. அதில் இருந்த அண்ணைக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார், காலடியில் கிடந்த சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்து அதன் கிளிப்பைச் சுவிட்சில் வைத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார், ஒரே இழுவையில் எஞ்சின் பிடித்துவிட்டது. வெட்கத்தில் நன்றி சொல்லக்கூட மறந்து நாங்கள் நிற்க, அவர் கேட்டது வேறு: "தம்பிமார், நங்கூரம் என்னத்துக்கு வச்சிருக்கிறீங்க, வடிவுக்கா?"

நியாயமான கேள்வி. டிசம்பர், ஜனவரி விடியலில் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசும். நாங்கள் கயிறு இழுத்த ஒவ்வொரு நிமிடமும் போட் மேற்கே போய்க்கொண்டிருந்தது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. எஞ்சினைத் திருத்துவது நாலாவது வேலை. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன.

எந்தப் பழுது என்றாலும் முதல் மூன்று நிமிடம்

லைஃப் ஜாக்கெட் போடுங்கள். சீட்டுக்குக் கீழே கட்டிவைத்த ஜாக்கெட் கவிழும்போது கைக்கு வராது, தண்ணீரில் மிதந்துகொண்டே அதைப் போட்டுக் கொக்கி மாட்டுவது நீச்சல் தெரிந்தவனுக்கே பெரும்பாடு. கால்களுக்கு இடையே போகும் பட்டி இருந்தால் அதையும் கட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும். வாங்கும்போது உள்ளே அச்சடித்த எண்ணைப் பாருங்கள்: 50 நியூட்டன் என்று இருந்தால் அது கரையோரத்தில் நீந்தத் தெரிந்தவருக்கு, 150க்குக் குறையாதது வெளிக்கடலுக்கு.

அடுத்தது, இருக்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளியில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களை எழுதுங்கள் அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது நங்கூரம். முன்பக்கத்தால் மட்டும் விடுங்கள். பின்பக்கத்தில் எஞ்சின் பாரமும் தாழ்ந்த விளிம்பும் இருப்பதால், அங்கே கட்டினால் முதல் அலையே உள்ளே வந்து உட்காரும். கணக்குப்படி ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு வேண்டும், 30 மீற்றர் ஆழத்துக்கு 150 மீற்றர். சின்னப் போட்டில் யாரிடமும் அவ்வளவு இருக்காது. பரவாயில்லை, இருப்பதை விடுங்கள். நங்கூரம் பிடிக்காவிட்டாலும் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும். அடியே தொடவில்லை என்றால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்பக்கத்தால் போடுங்கள். வாளியின் கைபிடி பிய்ந்துவிடும், ஆகவே கயிற்றை வாளியைச் சுற்றியும் கட்டுங்கள். போட்டின் முகம் அலையைப் பார்க்கத் திரும்பும், ஆட்டமும் பாதியாகும்.

சரி, இப்போது எஞ்சின்.

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

சிவப்புக் கிளிப். மறுபடியும் சொல்கிறேன், சிவப்புக் கிளிப். அது கழன்றிருந்தால் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் ஸ்பார்க் வராது, ஏனென்றால் ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும் என்றே அது இருக்கிறது. அதற்குப் பிறகு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் எரிபொருள் குழாயின் நடுவில் இருக்கும் கறுப்பு ரப்பர் பல்பைப் பிடித்து அமுக்குங்கள். ஐந்தாறு அமுக்கில் அது கல்லுப்போல இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் தாங்கியிலோ எஞ்சினிலோ மாட்டும் இடத்தில் கிளிக் என்று பொருந்தாமல் இருக்கும். பல்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினைப் பார்க்க வேண்டும். கழற்றிப் பூட்டியவர் தலைகீழாகப் பூட்டிய கதையும் நடந்திருக்கிறது.

பெற்றோல் வாசம் மூக்கைத் துளைத்தால் சோக் போட்டு இழுத்து இழுத்து நனைத்துவிட்டீர்கள். சோக்கை உள்ளே தள்ளுங்கள், ஐந்து பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், பிறகு ஆக்சிலேட்டரைத் திறந்துவைத்து இழுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கரைக்கு ஒரு அழைப்பு எடுக்கலாம்.

பிடிக்கிறது, ஐந்து நிமிடத்தில் அணைகிறது

இதில் பத்துக்கு ஏழு முறை தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகுதான் காரணம் என்பது என் அனுபவம். வாகனத்தில் கொண்டுவரும்போது சிந்தாமல் இருக்க அதை மூடியிருப்போம், கடலில் திறக்க மறந்திருப்போம். உள்ளே காற்று போகாமல் வெளியே பெற்றோல் வராது. ரப்பர் பல்பு சப்பையாகிப்போய் இருப்பதே அடையாளம். திருகைத் திறந்ததும் உஸ் என்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் எனக்கு மிகப் பிடித்த சத்தங்களில் ஒன்று.

திருகு திறந்தே இருந்தது என்றால் பெற்றோலில் தண்ணீர். வடிகட்டிக் கிண்ணம் கண்ணாடிபோல இருந்தால் உள்ளே பாருங்கள்: தண்ணீர் பாரமானது, அடியில் தனிப்படையாகத் தங்கி நிற்கும். கழற்றி ஒரு போத்தலுக்குள் ஊற்றிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

எஞ்சின் இரைகிறது, போட் நகரவில்லை

எஞ்சினை நிறுத்தி, கிளிப்பைக் கழற்றி, பிறகு தண்ணீருக்குள் சுற்றும் விசிறியைத் தூக்கிப் பாருங்கள். வலைத்துண்டோ நைலோன் கயிறோ சுற்றியிருந்தால் கத்தியால் அறுத்து, சுற்றிய திசைக்கு எதிராக உருவுங்கள். கத்தி இல்லாமல் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது விளங்குவதே இல்லை. ஒன்றும் சுற்றவில்லை, விசிறியும் முழுதாக இருக்கிறது என்றால் அதன் நடுவில் உள்ள ரப்பர் வழுக்குகிறது. கடலில் அதைத் திருத்த முடியாது. ஆனால் மெல்லமாக, எஞ்சின் முனகும் அளவுக்கு மட்டும் கொடுத்தால் பல நேரம் பிடித்துக்கொள்ளும், அப்படியே ஊர்ந்து கரை சேரலாம்.

பின்னால் பீச்சும் தண்ணீர் நின்றுவிட்டது

எஞ்சினின் பக்கத்தில் மெல்லிய தாரையாக வரும் அந்தத் தண்ணீர்தான் எஞ்சின் சூடாகாமல் இருப்பதற்குச் சாட்சி. மழைக்குப் பிறகு களனி ஆறு கொழும்பின் சொப்பிங் பேக் அவ்வளவையும் கடலுக்குக் கொண்டுவரும். அதில் ஒன்று எஞ்சினின் அடிப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும், சில நிமிடத்தில் எச்சரிக்கைச் சத்தம் வரும். உடனே நிறுத்துங்கள். தூக்கிப் பார்த்து உருவி எடுங்கள். உறிஞ்சும் வாய் சுத்தமாக இருந்தும் தாரை வராவிட்டால், தடித்த தூண்டில் நரம்பு ஒரு துண்டை வெட்டித் தாரை வரும் ஓட்டைக்குள் விட்டுக் குத்துங்கள், உப்பும் மணலும் அடைத்திருக்கலாம். அப்படியும் வராவிட்டால் அந்த எஞ்சினை ஓட்டாதீர்கள், இழுத்துப்போக ஆள் பாருங்கள்.

காலடியில் தண்ணீர்

அள்ளுவதற்கு முதல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்பார்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் அள்ள மற்றவர் பார்ப்பதுதான் சரி. பின்னால் இருக்கும் வடிகால் அடைப்பான் கழன்றிருக்கலாம், போடவே மறந்திருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள். அடைப்பான் தொலைந்துவிட்டால் ஒரு துணித்துண்டைத் திருகி அடித்து இறக்குங்கள். நான் ஒருமுறை பாட்டா செருப்பின் ஒரு மூலையை வெட்டி இறுக்கியிருக்கிறேன், கரைவரை ஒரு சொட்டு வரவில்லை.

எஞ்சின் ஓடுகிறது என்றால் அதுவே உதவி: போட் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும்போது தண்ணீர் பின்னுக்கு ஓடும், அப்போது அடைப்பானைத் திறந்தால் வெளியே உறிஞ்சப்படும், நிறுத்துவதற்கு முன் மூடிவிட வேண்டும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நிற்கும்போது மட்டும் வேகமாகத் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் ஓடும், போட் அந்தப் பக்கமே சாயும், சாயச் சாய இன்னும் ஓடும். எல்லோரும் நடுவில், தரையில் உட்காருங்கள்.

கவிழ்ந்துவிட்டது

போட்டை விட்டுப் போகாதீர்கள். கரை தெரிகிறது, கட்டடங்களின் ஜன்னல்கூடத் தெரிகிறது, நீந்திவிடலாம் என்று தோன்றும். தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்க்கும் கண்ணுக்குத் தூரம் சரியாகத் தெரியாது. பெரும்பாலான பைபர் படகுகள் கவிழ்ந்தாலும் முழுதாக மூழ்காது. தேடி வருபவருக்குத் தெரிவது படகின் வயிறு. உங்கள் தலை அலைகளுக்கு நடுவில் ஒரு தேங்காய் அளவுதான்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் படகுக்கு அடியில் காற்றுப்பையில் இருக்கலாம், தட்டிக் கூப்பிடுங்கள். பிறகு முடிந்த அளவு உடம்பைத் தண்ணீருக்கு மேலே, படகின் முதுகில் ஏற்றுங்கள். நம் கடல் 28 பாகை அளவில் வெதுவெதுப்பாக இருக்கிறது, குளிர் என்ன செய்யும் என்று கேட்பவர்கள், உடம்பின் சூடு 37 என்பதை மறந்துவிடுகிறார்கள். மணிக்கணக்கில் கிடந்தால் இந்தத் தண்ணீரும் சூட்டை உறிஞ்சிவிடும், இரவில் காற்றும் சேரும். ஏற முடியாதவர்கள் முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, ஒருவரோடு ஒருவர் நெஞ்சுக்கு நெஞ்சு ஒட்டி, சின்னப் பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தையும் உடுப்பையும் கழற்ற வேண்டாம், பகல் வெயிலுக்கும் அதுதான் காவல்.

கடல்நீரைக் குடிக்காதீர்கள், ஒரு மிடறுகூட. அதில் உள்ள உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பில் இருந்து எடுக்கும்.

ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டார்

கத்துங்கள். அதே மூச்சில் ஒருவர் கையை நீட்டி விழுந்தவரைச் சுட்டிக்காட்டத் தொடங்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது, கண்ணை எடுக்கக் கூடாது. மற்றவர் மிதக்கும் எதையும் வீசட்டும், குளிர்ப்பெட்டியோ வெற்றுப் பெற்றோல் கேனோ. ஓட்டுபவர் விழுந்த பக்கத்துக்கே சுக்கானைத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் திருப்புங்கள், அப்போது போட்டின் பின்பகுதியும் விசிறியும் இடப்பக்கம் விலகும்.

கிட்டப் போகும்போது காற்றுக்கு முகம் கொடுத்து மெதுவாகப் போங்கள், கை எட்டும் தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். நியூட்ரல் போதாது, நிறுத்த வேண்டும். நனைந்த ஆளைத் தூக்குவது சாக்கு அரிசி தூக்குவதைப்போல இருக்கும். ஒரு கயிற்றின் இரு முனையையும் போட்டுக்குள் கட்டி, நடுவைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், அவர் அதில் காலை வைத்து ஏறட்டும். காப்பாற்றக் குதிக்க வேண்டாம். குதித்தால் இரண்டு பேரைத் தேட வேண்டிவரும்.

புகை, தீ

எரிபொருள் குழாயைக் கழற்றுங்கள். தீ பின்னால் எஞ்சினில் என்றால் போட்டின் முகத்தைக் காற்றுக்குத் திருப்புங்கள், சுவாலை உங்களிடம் வராமல் வெளியே போகும். எஞ்சின் மூடியை முழுதாகத் திறந்தால் காற்றுப் பட்டுப் பற்றும், ஒரு இடுக்கால் தீயணைப்பானின் தூளை அடியைப் பார்த்து அடியுங்கள். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டே எரியும்.

வானம் கறுக்கிறது, இடி கேட்கிறது

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்புப் பக்கம் பின்னேரங்களில் இது வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் வந்துவிட்டால் தூண்டில் தடிகளையும் அன்டெனாவையும் படுக்கவைத்து, உலோகத்தைத் தொடாமல் நடுவில் குந்துங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று என்பதால் அது வேறு விஷயம்: அப்போது எஞ்சின் நின்றால் காற்று கரைக்குத் தள்ளும், கரை என்றால் கொள்ளுப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரை ரயில் பாதையைக் காக்கப் போட்ட கருங்கற்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்குத் தனியாக அறிவித்தல் விடுகிறது, அதைப் பார்க்காமல் அந்த மாதங்களில் என்னைக் கூப்பிட வேண்டாம்.

கூப்பிடுகிறேன், யாருக்கும் கேட்கவில்லை

வி.எச்.எஃப் ரேடியோ இருந்தால் 16ஆம் சனல். உயிருக்கு ஆபத்து என்றால் மேடே என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன வேண்டும். எஞ்சின் மட்டும் நின்று உடனடி ஆபத்து இல்லை என்றால் பான் பான். ஆங்கிலம் வராது என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். தெரிந்த மொழியில் சொல்லுங்கள், எண்களை மட்டும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னால் கப்பலில் இருப்பவருக்கும் விளங்கும். சொல்லிவிட்டுப் பட்டனை விடுங்கள், அழுத்திக்கொண்டே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது. கையில் பிடிக்கும் செட் கண்பார்வைக் கோட்டில்தான் போகும். எழுந்து நின்று உயரப் பிடிப்பதே ஒரு மைல் கூட்டித் தரும். பொருத்திய செட்டில் மூடிக்குக் கீழே சிவப்புப் பட்டன் இருந்தால் அதை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஜி.பி.எஸ் இணைத்திருந்தால் உங்கள் இடம் தானாகவே போகும்.

ரேடியோ இல்லை, போன்தான் என்றால் பொலிஸ் அவசர எண் 119. அழைப்பு போகாத இடத்திலும் சிலவேளை குறுஞ்செய்தி போய்விடும். கரையில் இருக்கும் ஒருவருக்கு எண்களோடு அனுப்புங்கள், அவர் உங்களுக்காகக் கூப்பிடட்டும். அனுப்பியதும் திரை வெளிச்சத்தைக் குறைத்து, போனைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் காற்றில்லாமல் கட்டுங்கள்.

இப்போது அந்த எண் பொறி. போன் பெரும்பாலும் 6.50 என்று தசமத்தில் காட்டும், கடலில் இருப்பவர்கள் 6 பாகை 50 கலை என்று பேசுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 6.50 என்பது 6 பாகை 30 கலை, பேருவளைக்குச் சற்று வடக்கே. 6 பாகை 50 கலை என்பது கல்கிசைக்கு நேரே. இடையில் 20 கடல் மைல், 37 கிலோமீற்றர். நீங்கள் பேருவளைப் பக்கம் மிதக்க, மீட்க வந்தவர்கள் கல்கிசையில் தேடுவார்கள். "ஆறு புள்ளி ஐந்து பூச்சியம், தசமம்" என்று வாயால் சொல்லுங்கள்.

எண்ணே இல்லாவிட்டால் கொழும்பின் தாமரைக் கோபுரத்தைப் பாருங்கள். அது 350 மீற்றர் உயரம். கையை முழுதாக நீட்டி ஒரு தூண்டில் அட்டையிலோ ஸ்கேலிலோ அளந்தால், கண்ணில் இருந்து கை 65 சென்ரிமீற்றர் என்று வைத்தால், கோபுரம் 3 சென்ரிமீற்றர் தெரியும் இடம் சுமார் ஏழரை கிலோமீற்றர், 2 தெரிந்தால் பதினொன்று. கோபுரம் பேர வாவிக்குப் பக்கத்தில் நிற்பதால் கரைக்குத் தூரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எந்தத் திசையில் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேடுபவருக்கு அது போதும்.

பெரிய கப்பல் நேரே வருகிறது

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் கப்பலுக்கு நிற்க ஒரு மைலுக்கு மேல் வேண்டும், அதன் மூக்குக்கு முன்னால் சில நூறு மீற்றர் மாலுமிக்குத் தெரியவே தெரியாது. அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்ப வேண்டாம். நங்கூரக் கயிற்றை அறுத்தாவது துடுப்பால் விலகுங்கள், 16இல் கூப்பிடுங்கள். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் அவருக்கு உங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தூரத்தில் போகும் போட்டுக்குக் காட்ட, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள். ஒரு கையை ஆட்டினால் குட்மோர்னிங் சொல்கிறீர்கள் என்று பதிலுக்கு அவர்களும் கையாட்டிவிட்டுப் போவார்கள், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. கைத் தீப்பந்தம் ஒரு நிமிடம்தான் எரியும், ஆகவே ஆள் பார்க்கும் தூரத்தில் வந்தபிறகு, காற்று போகும் பக்கம் போட்டுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக் கொளுத்துங்கள், சொட்டும் கசடு பைபரை ஓட்டை போடும்.

இழுத்துப்போக ஆள் வந்துவிட்டால்

கயிற்றை முன்பக்க வளையத்தில் கட்டுங்கள், எல்லோரும் பின்னால் போய் உட்காருங்கள், எஞ்சினைத் தூக்கிவிடுங்கள். கயிறு நேராக நீளும் கோட்டில் ஒருவரும் நிற்க வேண்டாம், அறுந்தால் சாட்டைபோல வரும். களனி வாய்க்கு வந்ததும் அலை உடையும் இடத்தில் இழுப்பவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். காயம் இருந்தால் கரை தொடுவதற்கு முன்பே 1990க்கு எடுத்து, எந்த இறங்குதுறை என்று சொல்லிவைத்தால் அம்புலன்ஸ் காத்திருக்கும். மேடே சொல்லியிருந்தால் அதே 16இல் அதை ரத்துச் செய்யவும் மறக்க வேண்டாம், நீங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது யாரோ ஒருவர் இன்னும் டோர்ச் அடித்து உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.